போனஸ் கவரை வாங்கினால் ‘தேங்க்ஸ்’ சொல்ல வேண்டுமா?

பட்டறைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

கோவை கணபதிப் பக்கம் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் எனக்கு மேனேஜர் வேலை. மேனேஜர் என்றதும் ஏசி அறை என்று நினைத்துவிடாதீர்கள். டெலிவரி செலான் எழுதுவது, கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுவது எல்லாம் நான்தான். ஐந்து சிஎன்சி (கம்ப்யூட்டர் வைத்து ஓடும் கடைசல் மெஷின்), நான்கு பழைய லேத், மொத்தம் 23 பேர். பம்புசெட்டுக்கு ஷாஃப்ட், இம்பெல்லர் கடைசல்.

போன வாரம் தீபாவளி போனஸ் கொடுத்தோம். எங்கள் முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. சாமி படத்துக்கு விளக்குப் போட்டு, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கவரும் ஸ்வீட் பாக்ஸும் அவர் கையாலேயே கொடுப்பார். பழைய ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இந்தத் தடவை ஒரு பையன், 22 வயது, ஐடிஐ முடித்தவன், எங்களிடம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. கவரை வாங்கினான். அங்கேயே பிரித்தான். எண்ணினான். “சரிங்க” என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டான்.

முதலாளிக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அவரும் ஒரு காலத்தில் லேத் ஓட்டியவர்தான், கெட்ட மனிதர் இல்லை. சாயங்காலம் டீ குடிக்கும்போது, “ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிரும்?” என்று என்னிடம் கேட்டார். நான் பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஏனுங்கண்ணா, அது என்ற காசுதானுங்களே? மாசச் சம்பளத்துக்குத் தேங்க்ஸ் சொல்றமா?” என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டான்.

இரண்டு பேருக்கும் நடுவில் நான். யார் பக்கம் நியாயம்?

குறள்பித்தன்

எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம் உய்வில்லை
செய்ந்நன்றி கொன்ற மகற்கு.

இதற்கு மேல் என்ன சொல்ல? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்கள் நாம். இந்தத் தலைமுறைக்கு எல்லாமே உரிமை.

சிங்காநல்லூரான்

குறள்பித்தன் ஐயா, உப்பு யார் போட்டது என்று முதலில் பார்ப்போம். முதலாளி வீட்டுச் சோற்றுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பையன் உப்புப் போடுகிறான்.

நான் பஞ்சாலையில் 28 வருடம் வேலை பார்த்தவன், யூனியனிலும் இருந்தவன். அந்தக் கவருக்குள் இருந்தது என்ன என்று தெரிந்தால் பாதி விவாதம் முடிந்துவிடும். 1917-ல் முதல் உலகப் போர் நேரம், விலைவாசி ஏறிக்கிடந்தது. பம்பாய், அகமதாபாத் ஆலைக்காரர்கள் சம்பளத்தில் 10 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். ‘போர் போனஸ்’ என்று பெயர். அன்றைக்கு அது முதலாளி மனது வைத்துக் கொடுத்த இனாம்தான். சில வருடம் கழித்துக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். 1924-ல் பம்பாயில் அதற்காகவே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அப்புறம் கோர்ட், தீர்ப்பாயம் என்று இழுத்து, 1950-ல்தான் லாபத்தில் தொழிலாளிக்கும் பங்கு உண்டு என்று தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு கணக்கு வகுத்துக் கொடுத்தது. 1965-ல் போனஸ் சட்டம் வந்தது. முதலில் குறைந்தபட்சம் 4 சதவீதம், 1972-லிருந்து 8.33. நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது அதுதான், அதாவது ஒரு மாதச் சம்பளம். கம்பெனி நஷ்டத்தில் போனாலும் இது உண்டு. மேல் வரம்பு 20 சதவீதம். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இந்த இரண்டு எண்களும் மாறவில்லை.

ஆக, பையன் சொன்னது சட்டப்படி சரி. தள்ளிவைத்துக் கொடுக்கிற சம்பளம் அது. எண்ணிப் பார்த்ததிலும் தப்பில்லை. 2015 திருத்தத்தின்படி 7,000 ரூபாய் அல்லது அந்தத் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலி, இதில் எது அதிகமோ அதற்குத்தான் சதவீதம் போட வேண்டும். நிறைய இடங்களில் ‘எது அதிகமோ’ என்பதை வசதியாக மறந்துவிட்டு 7,000-க்கே போட்டு முடித்துவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் வருடத்துக்கு எவ்வளவு தெரியுமா? ஏழாயிரத்துக்கு மூன்று ரூபாய் குறைவு. பட்டறைக்காரன் தம்பி, உங்கள் இடத்தில் எதற்குப் போட்டீர்கள்?

பட்டறைக்காரன்

முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் போட்டோம் ஐயா. 10 சதவீதம். அதனால்தான் முதலாளிக்கு வருத்தமே. சட்டம் சொன்னதுக்கு மேலே 1.67 சதவீதம் கொடுத்திருக்கிறேனே, அதற்காவது ஒரு வார்த்தை இல்லையா என்கிறார்.

கடலைமிட்டாய்

வருடத்துக்கு 52 வாரம், நாலு வாரம் ஒரு மாதம் என்றால் 13 மாதம் வருகிறது, வெள்ளைக்காரன் 12 மாதச் சம்பளம் கொடுத்து ஏமாற்றினான், அந்தப் பதின்மூன்றாவது மாதம்தான் போனஸ் என்று படித்தேனே?

சிங்காநல்லூரான்

அது வாட்ஸப் சரித்திரம். ஒவ்வொரு தீபாவளிக்கும் வரும். 8.33-ஐப் பார்த்துவிட்டுப் பின்னாலிருந்து கட்டிய கதை.

கடலைமிட்டாய்

சரி, ஸ்வீட் பாக்ஸில் என்ன இருந்தது? அதைச் சொல்லாமல் நியாயம் கேட்டால் எப்படி?

பட்டறைக்காரன்

மைசூர்பா கால் கிலோ, மிக்சர் கால் கிலோ. அதற்கும் தேங்க்ஸ் சொல்லவில்லை.

பனியன்

திருப்பூரில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறேன். 40 மெஷின். இந்த இழையில் முதலாளி என்று நான் ஒருவன்தான் போலிருக்கிறது, அடிவாங்கத் தயாராகத்தான் வருகிறேன்.

தீபாவளிக்கு முந்தின மாதம் எனக்குத் தூக்கம் கிடையாது. ஆர்டர் கொடுத்தவரிடமிருந்து பணம் வர மூன்று மாதம், நான்கு மாதம். நூல்காரனுக்கும் டையிங்காரனுக்கும் அவ்வளவு நாள் சொல்ல முடியாது. போனஸை ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. போன வருடம் வீட்டம்மா நகையை அடகு வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்களில் எட்டுப் பேர் திரும்பவில்லை. பக்கத்து கம்பெனியில் பீஸுக்கு இருபது பைசா அதிகமாம். அதில் ஒருவன் மகளுக்கு டெங்கு வந்தபோது ராத்திரி ஒரு மணிக்கு நான் கார் எடுத்துக்கொண்டு போனவன். போகிறேன் என்று ஒரு போன்கூடக் கிடையாது.

உங்கள் முதலாளி கேட்பது பணத்துக்கான நன்றி இல்லை என்று எனக்குப் படுகிறது. நான் ஒரு மனுசன் இங்கே இருக்கிறேன் என்று ஒரு தடவை திரும்பிப் பார் என்கிறார், அவ்வளவுதான்.

நிற்கிறவள்

பனியன் அண்ணா, நகை அடகு வைத்தது உங்கள் ஆட்களுக்குத் தெரியுமா?

பனியன்

எப்படிம்மா சொல்வது? கம்பெனி ஆடுகிறது என்று மறுநாளே பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

நிற்கிறவள்

தெரியாததற்கு எப்படி அண்ணா நன்றி வரும்?

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் மறைத்து வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறோம். எங்கள் வீட்டில் என்ன அடகில் இருக்கிறது என்பதும் முதலாளிக்குத் தெரியாது.

என் கதையைச் சொல்கிறேன். சென்னை தி.நகரில் துணிக்கடையில் 12 வருடம். சேலை செக்‌ஷன். காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். கால் நரம்பெல்லாம் சுருண்டு நீலமாகிவிட்டது. கேரளாவில் 2018-லேயே கடைப் பெண்கள் உட்காரலாம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கே 2021-ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லாருக்கும் இருக்கை வைக்க வேண்டும். எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது. ஆனால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார், பார்ப்பார். அது போதும். ஆறு மாதம் ஸ்டூல் மேல் அட்டைப்பெட்டிதான் உட்கார்ந்திருந்தது.

அப்புறம் ஒரு அம்மா ஃப்ளோர் மேனேஜராக வந்தார். முதல் வாரமே அட்டைப்பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, அவரே அதில் உட்கார்ந்து பில் புக்கைப் புரட்டினார். “கஸ்டமர் இல்லேன்னா உக்காருங்க, நான் இருக்கேன்” என்றார். நாங்கள் யாரும் நன்றி சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை. அவர் வேறு கிளைக்குப் போன அன்று எங்கள் செக்‌ஷன் பெண்கள் ஒன்பது பேரும் ஆளுக்கு இருநூறு போட்டு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தோம். அவர் விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு, “இதுக்கு எதுக்குடி ஆயிரத்து எண்ணூறு?” என்று திட்டினார். கட்டிக்கொண்டுதான் போனார்.

சிங்காநல்லூரான்

இதற்கு மேல் எனக்கு யூனியன் பேச்சு வரவில்லை. ஆனால் ஸ்டூலைக் கொண்டுவந்தது சட்டம் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா.

நிற்கிறவள்

மறக்கவில்லை ஐயா. அட்டைப்பெட்டியை இறக்கி வைத்தது அந்த அம்மா.

ஓஎம்ஆர் ஆந்தை

நீங்கள் எல்லாம் ஒரு தேங்க்ஸ் கிடைக்கவில்லை என்று அழுகிறீர்கள். எங்கள் ஐடி கம்பெனியில் தேங்க்ஸ் வெள்ளம். யாரையாவது பாராட்ட வேண்டுமானால் போர்ட்டலில் ஒரு பட்டனை அமுக்கினால் பேட்ஜ் போய்விடும், பேட்ஜுக்குப் பாயின்ட் உண்டு. மூன்று வருடம் சேர்த்த பாயின்ட்டுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினேன், மூடி ஒழுகுகிறது. போன மார்ச்சில் ஒரு ரிலீஸுக்காக ஐந்து ராத்திரி முழித்தோம். மேனேஜர் ராத்திரி 11.40-க்கு ‘சூப்பர் ஜாப் டீம்’ என்று மெயில் போட்டார், அவருக்கு மேலே நான்கு படி வரைக்கும் எல்லாருக்கும் நகல் வைத்து. பாராட்டு எங்களுக்கா, நகல் போனவர்களுக்கா என்று இன்று வரை தெரியவில்லை. ஏப்ரலில் அதே மேனேஜர் எனக்குச் சராசரி ரேட்டிங் போட்டார். கேட்டால், ஒவ்வொரு டீமிலும் இத்தனை பேருக்குத்தான் மேல் ரேட்டிங் தர முடியுமாம். “யூ ஆர் வெரி வேல்யூட்” என்றார்.

அந்த ஐடிஐ பையனை எனக்குப் பிடித்திருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டு “சரிங்க” என்று சொல்ல எங்களுக்கு எல்லாம் தைரியம் வராது.

கடலைமிட்டாய்

ஐடியில்தானே கார் எல்லாம் கொடுக்கிறார்கள்?

ஓஎம்ஆர் ஆந்தை

கொடுத்தார்கள், 2022-ல் சென்னையில் ஒரு கம்பெனி நூறு பேருக்குக் கார் கொடுத்தது. சூரத்தில் வைர வியாபாரி சவ்ஜி தோலாக்கியா 2016 தீபாவளிக்கு 1,260 கார், 400 வீடு என்று அறிவித்து நாடு முழுக்கச் செய்தியானார். 2023-ல் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் உரிமையாளர் 15 பேருக்கு ராயல் என்ஃபீல்டு வாங்கிக் கொடுத்தார். எனக்கு அதையெல்லாம் விட ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனி விஷயம்தான் பெரிதாகத் தெரிந்தது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானபோது ஐநூறுக்கு மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அவர்கள் கையில் கம்பெனிப் பங்கு இருந்தது. யாரும் மேடையில் சாவி வாங்கிக் கும்பிடு போட வேண்டியிருக்கவில்லை.

பனியன்

கார் கொடுத்தால் பேப்பரில் படம் வரும். மாதம் ஏழாம் தேதி தவறாமல் சம்பளம் போட்டால் யார் படம் போடுவார்கள்? அதைத்தான் நான் பதினான்கு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

சிங்கைவாசி

இங்கே சிங்கப்பூரிலும் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் என்று வருடக் கடைசியில் கொடுப்பார்கள். சட்டக் கட்டாயம் இல்லை, ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு. அக்கவுண்டில் விழும், குறுஞ்செய்தி வரும். யாருக்கு தேங்க்ஸ் சொல்வது, பேங்குக்கா? நேரில் கையில் கொடுப்பதால்தான் உங்கள் ஊரில் இவ்வளவு சிக்கல். அடுத்த வருடம் ஜிபேயில் போட்டுவிடச் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்

அதைச் சொன்னால் முதலாளி என்னை வேலையை விட்டே தூக்கிவிடுவார். கையில் கொடுக்கிற அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் அவர் வருடம் முழுக்க ஓடுகிறார் என்று சில சமயம் தோன்றும்.

மில்காரர் மகன்

இந்த நான்கு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

எங்கள் அப்பா ஒரு நூற்பாலையில் 31 வருடம் வேலை பார்த்தார். ரிட்டயர் ஆன அன்று சால்வை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து, குரூப் போட்டோ எடுத்தார்கள். பேசியவர்கள் எல்லாம் ‘இந்த ஆலையின் தூண்’ என்றார்கள். பணிக்கொடை மட்டும் வரவில்லை. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடத்தால் பெருக்கினால் வருகிற தொகை. அப்பாவுக்குக் கடைசியாக 16,900. கணக்குப் போட்டால் 3,02,250 ரூபாய். 1972 சட்டப்படி 30 நாளில் கொடுத்திருக்க வேண்டும். 14 மாதம் ஆனது.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போவார், வெளியில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவார். தாமதத்துக்கு வட்டி கேட்கலாம் என்று நான் சொன்னபோது, “சோறு போட்ட எடம்டா” என்றார். கடைசியில் செக் கொடுத்த அன்று அந்த ஆபீஸருக்கு ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனார். தன் பணத்தைப் பதினான்கு மாதம் கழித்துக் கொடுத்தவனுக்கு வாழைப்பழம்! அன்றைக்கு நான் அப்பாவோடு போட்ட சண்டையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் சண்டை போட்டது தப்பு என்றும் சொல்ல மாட்டேன்.

பணிக்கொடை என்று அந்த வார்த்தையை யார் வைத்தார்களோ தெரியாது. கொடை என்று பெயர் இருப்பதால்தான் வாங்குகிறவர் கை தாழ்ந்துபோகிறது. அந்தப் பையன் நின்று எண்ணினான் என்று படித்தபோது, எங்கள் அப்பாவுக்காக எண்ணின மாதிரி இருந்தது.

குறள்பித்தன்

முதலில் நான் போட்ட குறளை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், ஆனால் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்.

நேற்று அந்த அதிகாரம் முழுவதையும் மறுபடி படித்தேன். வள்ளுவர் அதற்கு வைத்த பெயர் ‘செய்ந்நன்றி அறிதல்’. நன்றி என்றால் அவரிடம் செய்யப்பட்ட நல்லது, உதவி. அதை அறிய வேண்டும் என்கிறார். வாயால் சொல்ல வேண்டும் என்று பத்துக் குறளில் ஓரிடத்திலும் இல்லை. நம் வீடுகளிலும் அம்மா தோசை போட்டால் யாரும் நன்றி அம்மா என்பதில்லை, சொன்னால் உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். இன்னொன்று, முதல் குறளே ‘செய்யாமல் செய்த உதவி’யைத்தான் வானத்துக்கும் மேலே வைக்கிறது. தான் முன்னால் எதுவும் பெறாமல் ஒருவன் செய்த உதவி. வருடம் முழுக்க வேலை வாங்கிவிட்டுக் கொடுக்கிற போனஸ் அந்தக் கணக்கில் வராது. பனியன் அவர்கள் ராத்திரி ஒரு மணிக்குக் கார் எடுத்துக்கொண்டு போனாரே, அது வரும்.

பனியன்

இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அந்த ஆளுக்கு நானே போன் போட்டேன். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். “நல்லா இருக்கா சார், ரெண்டாப்பு போறா” என்றான். அப்புறம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. வைக்கும்போது, “உங்க மூஞ்சியப் பாத்து எப்படி சார் சொல்லிட்டுப் போறது” என்றான். எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

திரும்பி வருகிறாயா என்று கேட்கவில்லை. இருபது பைசா நான் தர முடியாது.

பட்டறைக்காரன்

எல்லாருக்கும் பதில் போட நேரமில்லை, மன்னிக்கவும். தீபாவளி முடிந்து நேற்றுதான் பட்டறை திறந்தோம்.

நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. ஆறு மாதம் முன்பு அந்தப் பையன் மெஷினில் பீஸைப் பிடித்து வைக்கிற ஃபிக்சரை மாற்றிப் போட்டான். ஏழு நிமிடம் ஓடிக்கொண்டிருந்த பீஸ் ஐந்தரை நிமிடத்துக்கு வந்தது. எட்டு மணி நேர ஷிப்டில் 68 வந்த இடத்தில் 87. முதலாளியைக் கூட்டிவந்து காட்டினேன். பார்த்தார். “ம், ஓடட்டும்” என்றார், போய்விட்டார். அவரும் அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே! ‘சரிங்க’வுக்கும் ‘ம்’முக்கும் என்ன வித்தியாசம்?

இதைப் பையனிடம் கேட்டேன், உனக்கு அன்றைக்கு வருத்தமா என்று. சிரித்தான். “இல்லீங்கண்ணா. அதுக்கப்புறம் என்ற பீஸுக்கு அவரு வெர்னியர் வெக்கறதில்லீங்க. கவனிச்சீங்களா?” என்றான். வெர்னியர் என்பது பீஸின் அளவு சரியா என்று பார்க்கிற கருவி. நான் கவனிக்கவில்லை. இன்று காலை கவனித்தேன். முதலாளி ரவுண்டு வரும்போது ஒவ்வொரு மெஷினிலும் ஒரு பீஸை எடுத்து வெர்னியர் வைத்துப் பார்ப்பார், இருபது வருடம் வேலை பார்த்தவருக்கும் விதிவிலக்குக் கிடையாது. இவன் மெஷினில் மட்டும் பீஸை எடுத்து, கையில் ஒரு தடவை உருட்டிப் பார்த்து, வைத்துவிட்டுப் போகிறார்.

முதலாளியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நாளையிலிருந்து வெர்னியர் வைக்க ஆரம்பித்துவிடுவார்.

ஆனால் விஷயம் இன்னும் முடியவில்லை. இன்று மதியம் பையன் வெற்றிலை பாக்குத் தட்டோடு முதலாளி அறைக்குப் போனான். அக்காவுக்குக் கல்யாணமாம், தை மாதம், அன்னூர்ப் பக்கம். எங்களுக்கு எல்லாம் பத்திரிகை வைப்பதற்கு முன்பே, முதல் பத்திரிகை அவருக்கு. அவர் எழுந்து நின்று வாங்கினார். அவன் போனதும் என்னைக் கூப்பிட்டு, “ஏப்பா, மொய் ஆயிரத்து ஒண்ணா, ரெண்டாயிரத்து ஒண்ணா? அதிகமா வெச்சா திருப்பிச் செய்யறது அவங்களுக்குக் கஷ்டமாயிருமே” என்றார். அரை மணி நேரமாக இதே கேள்வி. என்ன சொல்லட்டும்?

சிங்காநல்லூரான்

மொய் நோட்டில் ஆயிரத்து ஒன்றே எழுதட்டும். மேலே ஏதாவது செய்ய நினைத்தால் பெண்ணுக்கு ஒரு பாத்திரமாக வாங்கிக் கொடுத்துவிடலாம், அது நோட்டில் ஏறாது.

கடலைமிட்டாய்

பந்தியில் என்ன போட்டார்கள் என்று வந்து எழுதவும்.

நிற்கிறவள்

அண்ணா, மொய் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்கள் முதலாளியும் வந்தார், மேடை ஏறினார், கவர் கொடுத்தார், போட்டோவுக்கு நின்றார், வேறு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். அப்பா வாசல் வரைக்கும் பின்னாலேயே ஓடினார். உங்கள் முதலாளியைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்

சொல்லிவிட்டேன். “இலையில உக்காராம வந்தா நல்லாவா இருக்கும்?” என்று என்னைத்தான் திட்டுகிறார்.